நோன்பு மாதத்தில் பாயம்மாவின் மதியச் சாப்பாடு

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் பஜாரில் நான் கிளினிக் வைத்தபோது எனக்கு முப்பது வயது. மானாம்பதிக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். படிப்பை முடித்து மதராஸில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் ஓர் அறை. அந்த அறையில் குடியிருந்தேன். வந்த இரண்டாவது வாரம் ரவிக்கை தைக்க ஆள் தேடினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பாயின் மனைவி நன்றாகத் தைப்பார் என்று சொன்னார்கள். துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என் தோளில் டேப்பை வைத்து அளந்துகொண்டே, "டாக்டருன்றாங்க, இப்டி எளைச்சி கீறியே, வேளைக்குத் துன்றதில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதான் தோள் எலும்பு டேப்புல இடிக்குது" என்றார். ஊரில் எல்லாரும் அவரைப் பாயம்மா என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். எனக்கு அவர் டாக்டரம்மா என்று பட்டம் கொடுத்தார். ஆனால் நீ என்றுதான் பேசுவார். எனக்கும் அது பிடித்திருந்தது.

ரவிக்கையை வாங்கப் போன நாளில் அவர் தம்முடைய தொந்தரவைச் சொன்னார். பாதம் எரிகிறது, எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை, மிஷினை மிதிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து கொல்லைக்குப் போகவேண்டியிருக்கிறது. மறுநாள் சிறுநீர் கொண்டு வரச் சொன்னேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி, கறிகாய்ப் பைக்குள் ஒளித்துக் கொண்டு வந்தார்.

அப்போதெல்லாம் எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் சர்க்கரையைப் பார்க்க ஒரே வழிதான். நீல நிறக் கரைசலைச் சோதனைக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு. மிக அதிகமானால் செங்கல் நிறம். பாயம்மாவுக்குச் செங்கல் நிறம் வந்தது. அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கலரு நல்லாத்தான் கீது. இந்தக் கலர்ல ஒரு பொடவ எடு, உனக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

"பாயம்மா, இது சக்கர வியாதி."

"தெரியும். எங்கம்மாவுக்கு இருந்திச்சி. கால எடுத்தாங்க." அதைச் சொல்லும்போதும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை ஆரம்பித்தேன். காலையில் நாஷ்டாவுக்கு முன் ஒன்று, இரவு அரை. சாப்பாட்டு அளவைச் சொன்னேன். அவரைப் போலச் சொன்னபடி கேட்ட நோயாளியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வாராவாரம் பாட்டில் வந்தது. செங்கல் போய் ஆரஞ்சு, ஆரஞ்சு போய் மஞ்சள் என்று இறங்கி, மூன்று மாதத்தில் பச்சைக்கு வந்து நின்றது. ஒவ்வொரு நிறத்துக்கும் அவர் ஒரு துணியின் பெயர் சொல்லுவார். பச்சை வந்த அன்று, "கிளிப்பச்ச பாப்ளின்" என்றார். நீலம் வந்தால்தான் ஜெயம் என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருடம் ரம்ஜான் மாதம் ஆனியில் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பிறை பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு பாயம்மா கிளினிக்கில் வந்து உட்கார்ந்தார்.

"நோன்பு வருது டாக்டரம்மா."

நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "நீங்க நோன்பு வைக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடறவங்க பட்டினி கெடக்கக் கூடாது" என்றேன். படித்தபோது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். நான் சொன்னதும் அவ்வளவுதான்.

அவர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். பிறகு, "செரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இவ்வளவு எளிதாகச் சம்மதித்துவிட்டாரே என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். தைக்கக் கொடுத்திருந்த என் ரவிக்கை வந்தது. ஒரு கை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்திருந்தது. பண்டிகைக்கு முன்னால் ஊரில் பாதிப் பேருக்கு அவர் தைத்துக் கொடுக்க வேண்டும், வேலை நெருக்கடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். இருபது வருடமாகத் தைக்கிற கை அப்படித் தைக்காது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அதற்கு மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு சைக்கிள் கடை பாய் கிளினிக் வாசலில் வந்து நின்றார். மெலிந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு மூச்சு வாங்கியது.

"டாக்டரம்மா, அவ ஒரு மாரி பேசறா. பேச்சு கொயறுது. ஒடம்பெல்லாம் தண்ணியா ஊத்துது."

"சாப்பிட்டாங்களா?"

அவர் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். நான் பையை எடுத்தேன். கொதிக்கவைத்த சிரிஞ்சு டப்பாவையும் குளுகோஸ் ஊசி மருந்தையும் உள்ளே போட்டேன். நடந்தால் பத்து நிமிடம் ஆகும். "கேரியர்ல ஒக்காருங்க" என்றார் பாய். உட்கார்ந்தேன். பட்டப்பகலில், பஜார் நடுவில், ஒரு பெண் டாக்டர் சைக்கிள் கேரியரில் பையை மடியில் வைத்துக்கொண்டு போவதைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எங்கள் ஊர் பஸ்ஸும் அப்போதுதான் வந்தது. சாயங்காலத்துக்குள் என் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது.

பாயம்மா மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்து கிடந்தார். தாவணி, சட்டை எல்லாம் சுற்றிலும் வெட்டிப் போட்டது போட்டபடி கிடந்தன. முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. என்னைப் பார்த்துத் திட்டினார். யாரென்று தெரிந்து திட்டவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தது; நான் சர்க்கரைத் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டில் இருந்த அவருடைய நாத்தனார், கணவனை இழந்தவர், சமையல்கட்டு வாசலிலேயே நின்றார்.

"நோன்பு நேரத்துல வாயில தண்ணி ஊத்தாதம்மா. இன்னும் மூணு மணி நேரந்தான் கீது."

"நோன்பு வைக்க வேணாம்னு நான் சொல்லியிருக்கேன்."

"வெக்கலியா?" என்று அவர் தம்பியான பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார்.

அந்த நிலையில் அவரால் விழுங்கவும் முடியாது என்று தெரிந்தது. கையில் நரம்பைத் தேடிக் குளுகோஸை மெல்ல ஏற்றினேன். பாய் தம் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மருந்து முக்கால்வாசி போவதற்குள் பாயம்மாவின் கண் தெளிந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா டாக்டரம்மா, ரவிக்க வாங்க வந்தியா? இன்னும் ஊக்கு வெக்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு சோறு கொண்டு வரச் சொன்னேன். அந்த மாத்திரை சர்க்கரையை ஒரு தடவை இறக்கிவிட்டு விடுகிற ஜாதி இல்லை. ஊசியின் வேகம் தீர்ந்ததும் மறுபடி இறக்கும். ஆனால் வீட்டில் சோறு இல்லை. சாயங்காலம்தான் அடுப்பு மூட்டுவார்கள். நாத்தனார் போய் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தார். பாயம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து குடித்தார்.

நான் அங்கேயே இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டேன். "நோன்பு வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே பாயம்மா."

"வெக்கல. நீ சொன்னதுக்கப்புறம் நான் நோன்பு வெக்கறேன்னு நிய்யத்தே வெக்கல. விடிகாலைல சஹருக்கு எல்லாருக்கும் ஆக்கிப் போட்டேன். எட்டு மணிக்கு மாத்தர போட்டேன். நீ சொன்ன மாரியே."

"மாத்திரை போட்டு அப்புறம் என்ன சாப்பிட்டீங்க?"

"எங்க ஒக்காந்து துன்றது?"

நான் அந்த வீட்டைப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறையில் மிஷின். காலையிலிருந்து சாயங்காலம் வரை அளவு கொடுக்கவும் துணி வாங்கவும் தெருப் பெண்கள் வந்துகொண்டே இருப்பார்கள், எல்லாரும் நோன்பாளிகள். அடுப்பு மூட்டினால் வாசனை நாலு வீட்டுக்குப் போகும். வீட்டில் புருஷன் நோன்பு, நாத்தனார் நோன்பு. அவர்களுக்கு நடுவில் தட்டு போட்டு உட்கார அவருக்கு மனம் வரவில்லை. நோன்பு வைக்கவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. மாத்திரையை மட்டும் நாள் தவறாமல் போட்டுக்கொண்டு, பசியோடு மிஷினை மிதித்திருக்கிறார். நோன்பும் இல்லை, சோறும் இல்லை.

அப்போது பாய் எழுந்து தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பேப்பரில் சுற்றிய இரண்டு பன் இருந்தன. எறும்பு மொய்த்திருந்தது. "டெய்லி வாங்கி வெச்சிட்டுத்தான் கடைக்குப் போவேன். நான் இல்லாதப்ப துன்னுவான்னு நெனச்சேன்" என்றார். பாயம்மா அவரைப் பார்த்து, "நீ வாயில தண்ணி படாம வெயில்ல பங்ச்சர் ஒட்டிக்கினு கீறே. நான் ஒக்காந்து பன்னு துன்றதா?" என்று கேட்டார். அவர் பன்னை எடுத்து எறும்பைத் தட்டினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

நோன்பு வைக்காதே என்று சொன்ன நான், எங்கே, எப்போது, யார் முன்னால் சாப்பிடுவாய் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லைதான். இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் அதே தாலுகாவில் பிறந்தவள். விரத நாளில் எங்கள் வீட்டிலும் ஒருத்தி மட்டும் தட்டு போட்டு உட்கார மாட்டாள்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்ததும் மூவரும் நோன்புக் கஞ்சி குடித்தார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நாத்தனார் அதைக் கொடுத்தபோது மெதுவாக, "அவ வெக்கலன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

மறுநாளிலிருந்து மதியம் ஒரு மணிக்குப் பாயம்மா கிளினிக்குக்கு வந்து என்னுடைய அறையில் சாப்பிடுவது என்று ஏற்பாடு. காலை மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, அதையும் என் அறையிலேயே ஓட்டல் இட்லியோ பொங்கலோ சாப்பிட்ட பிறகு போடுவது என்று மாற்றினேன். எனக்கு மதியச் சாப்பாடு எங்கள் ஊரிலிருந்து வரும். அம்மா டிபன் கேரியரில் போட்டு நண்பகல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். இனிமேல் இரண்டு பேருக்கு அனுப்பு என்று சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன்; அதுவரை என் பங்கையே இருவரும் பிரித்துக்கொண்டோம். சைக்கிள் கேரியர் விஷயத்துக்கு முதலில் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் காரணத்தைச் சொன்னேன்.

அம்மா யோசித்தார். "அவுங்க நம்ம வூட்டு சோறு துன்னுவாங்களா?" என்றார். அவர் எதற்குத் தயங்குவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவருடைய தயக்கம் இதுதான்.

"துன்னுவாங்கம்மா."

"சக்கரக்காரங்களுக்கு இன்னா ஆவும்?"

சொன்னேன். மறுநாள் கேரியரில் சோறு குறைந்து கீரையும் அவரைக்காயும் கூடியிருந்தன. எனக்கும் அதேதான். உருளைக்கிழங்கு பொரியல் அந்த மாதத்தோடு போயிற்று.

முதல் இரண்டு நாள் பாயம்மா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பாதி திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்றாவது நாள் ரசத்தைக் குடித்துவிட்டு, "உங்கம்மா பூண்டு தட்டிப் போடறாங்க. நானும் அப்டித்தான்" என்றார். அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. பஸ் தாமதமானால் நான் சும்மா இருப்பேன், அவர் வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பார். அம்மா சில நாள் காகிதத்தில் எழுதி அனுப்புவார்: உப்பு போதுமா? கேழ்வரகு ஒத்துக்கொள்கிறதா? பாயம்மாவுக்கு எழுத்து வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒருநாள் கழுவிய கேரியரின் மேல் அடுக்கில் சுங்கடித் துணியில் தைத்த ரவிக்கை ஒன்றை மடித்து வைத்து அனுப்பினார். என் அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. "உன்ன விட நாலு இஞ்சு கூட வெச்சேன்" என்றார். அது அம்மாவுக்குக் கச்சிதமாக இருந்தது.

நோய் காரணமாக நோன்பு வைக்க முடியாதவர்கள் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு போடவேண்டும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பாய் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். அதைப் பாயம்மா எனக்குச் சொன்னபோது கையில் சோற்று உருண்டை இருந்தது.

"நான் ஒருத்தருக்குச் சோறு போடணும்னு கீது. நீங்க எனக்குப் போட்டுக்கினு கீறீங்க. அல்லா கணக்க எப்டி எழுதுவான்னு தெர்ல."

"எனக்குப் போடுங்களேன்."

"உனக்குப் போட்டா செல்லாது. நீ ஏழ இல்ல, சோம்பேறி."

அவர் சொன்னது உண்மை. தனியாக இருந்த நாட்களில் நான் பொங்கித் தின்றதில்லை. அந்த மாதம்தான் நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். பாய் தினமும் சாயங்காலம் தூக்குப் பாத்திரத்தில் சோறு எடுத்துப் போய், ஏரிக்கரையோரக் குடிசைகளில் இருந்த ஒரு முதியவருக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் கஞ்சி குடிப்பார்.

அடுத்த வருடம் ரம்ஜானுக்கு ஒரு மாதம் முன்பே பாயம்மா வந்தார். அந்தத் தடவை நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"இந்த வருசம் எங்க சாப்பிடப் போறீங்க?"

"வூட்லியேதான். எங்க நாத்தனாரு சொல்லிட்டாங்க, நான் ஆக்கிப் போடறேன், எவளாச்சும் கேட்டா நான் பாத்துக்கறேன்னு." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு கேக்கணும். கோவிச்சிக்காத."

"கேளுங்க."

"ஒரு நாளு. இருவத்தேயாம் நோன்பு மட்டும், அந்தப் பெரிய ராத்திரி நோன்பு. பத்து வயசுலேந்து அத உட்டதில்ல. போன வருசம் உட்டேன். மனசு இன்னும் ஆறல."

ஹஜ்ரத் வேண்டாம் என்றிருக்கிறார், பாய் வேண்டாம் என்றிருக்கிறார், நானும் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு என்ன செய்வார் என்பதும் முந்தின வருடம் தெரிந்திருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சரி என்றேன், நிபந்தனைகளோடு. முதல் நாள் இரவு மாத்திரை கிடையாது. சஹரில் நன்றாகச் சாப்பிட வேண்டும், மாத்திரை இல்லாமல். மாத்திரை நோன்பு திறந்த பிறகுதான். அன்றைக்கு மிஷினில் உட்காரக் கூடாது. நான் மதியமும் நாலு மணிக்கும் வந்து பார்ப்பேன். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு எது வந்தாலும் அந்த நிமிடமே நோன்பை விட்டுவிட வேண்டும்.

"உட்டுடறேன். சத்தியமா."

அந்த நாள் வந்தது. மதியம் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. ஸ்பிரிட் விளக்கை அவர்கள் வீட்டு முற்றத்திலேயே பற்றவைத்துப் பார்த்தேன். மஞ்சள். நிம்மதியாகத் திரும்பினேன். நாலு மணிக்குப் பச்சை. ஐந்தரைக்கு மனம் கேட்காமல் மறுபடி போனேன். நீலம்.

இத்தனை மாதம் நீலத்துக்காகக் காத்திருந்தவள் அன்றைக்கு நீலத்தைப் பார்த்துப் பயந்தேன். சிறுநீரில் சர்க்கரை இல்லை என்று மட்டும்தான் அது சொல்லும். ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதா, ஆபத்தாக இறங்கிவிட்டதா என்று சொல்லாது. ரத்தத்தைப் பார்க்க வேண்டுமானால் காஞ்சிபுரம் போகவேண்டும், முடிவு வர மறுநாள் ஆகும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. வேணும்னா பாரு, ஊசில நூல் கோத்துக் காட்டறேன். கை நடுங்கனா கோக்க முடியாதில்ல?"

நல்ல சோதனை என்றுதான் எனக்கும் பட்டது. அவர் ஊசியையும் நூலையும் எடுத்தார். நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தப் போனவர், நோன்பு நினைவு வந்து விரலால் முறுக்கிக்கொண்டார். கோர்த்தார். நூல் தவறியது. மறுபடி. தவறியது. மூன்றாவது தடவை ஊசியைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கினார். தவறியது.

அவர் கையைப் பார்த்தேன். நடுங்கியதாகவும் இருந்தது, நடுங்காததாகவும் இருந்தது. எனக்குப் போன வருடத்து முகம் கண் முன்னால் வந்தது.

"பாயம்மா, போதும்."

"இன்னும் ஒரு மணி நேரந்தான் கீது."

"சத்தியம் பண்ணீங்க."

அவர் பாயைப் பார்த்தார். பாய் சர்க்கரை கரைத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். எப்போது கரைத்தாரோ தெரியாது. "குடிம்மா" என்றார். பாயம்மா வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினார். நான் அங்கே நிற்க முடியாமல் முற்றத்துக்குப் போய் விளக்கையும் குழாய்களையும் கழுவினேன்.

நோன்பு திறக்கிற நேரம் வந்தது. எல்லாரும் கஞ்சி குடித்தார்கள், அவரும் இரண்டு கிண்ணம் குடித்தார், பேரீச்சம்பழம் தின்றார். லைட் எரிந்தது. பாயம்மா ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி ஊசியை எடுத்தார். நூல் தவறியது. இன்னொரு தடவை. தவறியது. ஊசியை நாத்தனாரிடம் நீட்டினார். அந்த அம்மாள் ஒரே தடவையில் கோர்த்துக் கொடுத்தார்.

"டாக்டரம்மா," என்றார் பாயம்மா. "எனக்குக் கண்ணு தெர்லடி."

அவர் என்னை டி போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். சர்க்கரை இறங்கவே இல்லையோ என்னவோ. அவருக்குப் பார்வை மங்கியிருக்கிறது. தையல் முழுக்கப் பழக்கத்தில் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக வேலை நெருக்கடியில் நாத்தனார்தான் நூல் கோர்த்துக் கொடுத்ததால் அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. பத்து வயதிலிருந்து விடாத நோன்பை ஒரு மணி நேரம் இருக்கும்போது நான் முறித்துவிட்டேன்.

"மன்னிச்சிடுங்க பாயம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெல்ல, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "எங்கூட்டு ஆளப் பாரு, டம்ளரத் தூக்கிக்கினு நின்னதப் பாத்தியா? மத்தியானத்துலேந்து கரைச்சி வெச்சிக்கினு சுத்திக்கினு இருந்திருக்காரு. எப்படியும் நோன்பு உட வெச்சிருப்பாரு." பாயும் சிரித்தார். நாத்தனார் மட்டும், "அஞ்சரை மணி வரிக்கும் இருந்தியே, அது போதும் போ" என்று அதட்டினார். ஆண்டவனுக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குப் போதுமாக இருந்தது.

கண்ணைப் பார்க்க நானே அவரைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அதிகம். சர்க்கரை இன்னும் கட்டுக்குள் வந்தால்தான் ஆபரேஷன் என்றார்கள். மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி போடவேண்டும் என்று முடிவு செய்தேன். தினமும் கிளினிக்குக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்றேன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கத்துக்கறேன். டியூபுக்குக் காத்தடிக்கற கை இது. எவ்ளோ போவணும்னு தெரியும்" என்றார். அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

ஒரு வாரம் கிளினிக்கில் வந்து கத்தரிக்காயில் குத்திப் பழகினார். சிரிஞ்சைக் கொதிக்கவைப்பது, மருந்தின் கோடு பார்ப்பது, காற்றுக் குமிழை வெளியேற்றுவது எல்லாம் என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். எட்டாம் நாள், "நாளைலேந்து வூட்லியே போடலாம்" என்றேன். அவர் போகவில்லை.

"மருந்து இல்லாம வெறும் ஊசிய என் கையில ஒருவாட்டி குத்திப் பாத்துக்கட்டுமா? எவ்ளோ வலிக்குதுன்னு தெரிஞ்சிக்கினு அவளுக்குப் போடறேன்."

சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே குத்திக்கொண்டார். நிதானமாக எடுத்தார். பஞ்சால் துடைத்தார். பாயம்மா பெஞ்சில் உட்கார்ந்து, மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"லேசா," என்றார் பாய். "எறும்பு கடிச்ச மாரி."

அந்த வருடம் கார்த்திகையில் ஆபரேஷன் நடந்தது. கண் வந்தது. நான் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போகும் வரை ஆறு வருடம், காலையில் ஏழரைக்கும் சாயங்காலம் ஆறரைக்கும், பாய்தான் ஊசி போட்டார். நோன்பு மாதத்தில் பாயம்மா மதியம் ஒரு மணிக்குத் தம் வீட்டிலேயே, மிஷினுக்குப் பக்கத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.